காக்கையின் சாம்பல் கழுத்து எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சனிக்கிழமைச் சிறுவர் இணைப்பில், கடைசிப் பக்கத்தில், புத்தகப்பை மாட்டிய ஒரு காக்கைக் குஞ்சின் படக்கதை வருகிறது. வாரத்துக்கு ஆறு கட்டங்கள். இதுவரை பன்னிரண்டு வாரங்கள் வந்திருக்கின்றன. அந்தக் காக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

என் பேத்திக்கு எட்டு வயது. முதல் வாரமே அந்தக் காக்கை அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. நான்காம் வாரத்துக்குள் பேப்பரைப் பார்க்காமலேயே அதை வரையக் கற்றுவிட்டாள். வட்டத் தலை. தலையின் அகலத்தில் பாதி நீளத்துக்கு அலகு. உச்சியில் மூன்று இறகுகள் பின்பக்கம் சாய்ந்த கொண்டை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள். கழுத்தைச் சுற்றிச் சாம்பல் பட்டை. இடது தோளில் பை. கணக்கு நோட்டின் பின்னட்டையில், பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளில், அவளுடைய அம்மா பத்திரமாக வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை உறையில் என்று வீடு முழுவதும் காக்கைகள். நான் 31 ஆண்டுகள் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஒரு குழந்தை ஓர் உருவத்தை மனப்பாடமாக வரையத் தொடங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். 

ஏழாம் வாரச் சனிக்கிழமை காலையில் அவள் திண்ணையில் உட்கார்ந்து ரப்பரால் எதையோ அழுத்தி அழுத்தி அழித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் வரைந்த காக்கையைத்தான் அழித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நான் தப்பாக வரைந்துவிட்டேன் தாத்தா. காக்கைக்கு ஐந்து இறகு இருக்கிறது. கழுத்தும் கறுப்புதான்" என்றாள். பேப்பரை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. அந்த வாரக் காக்கைக்கு ஐந்து இறகுகள். கழுத்தில் சாம்பல் பட்டை இல்லை. கண்கள் இரண்டும் விலகி நின்றன. அலகு கிளி மூக்கைப் போல் வளைந்திருந்தது. குழந்தை வரைந்தது சரி. அச்சில் வந்ததுதான் தவறு. ஆனால் எட்டு வயதுக் குழந்தை அச்சைச் சந்தேகிக்காது. தன் கையைத்தான் சந்தேகிக்கும்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய இணைப்புகளை எல்லாம் தேடி எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அடிக்கோலையும் கவராயத்தையும் வைத்துக்கொண்டு அளந்தேன். அதன்பின் வந்த ஐந்து வாரங்களையும் அளந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நான்கு வாரங்கள் ஒரே கை. அதில் எனக்கு ஐயமில்லை. காக்கையின் மொத்த உயரம் அதன் தலையைப்போல் இரண்டரை மடங்கு. எந்தக் கட்டத்தில் அளந்தாலும் அதே இரண்டரை. ஐந்தாம் வாரம் காக்கை நம்மை நேராகப் பார்க்கிறது. அலகை நேராக வரைவது கடினமான வேலை. வரைந்தவர் அதை வைரக்கல் வடிவத்தில் வரைந்துவிட்டார். காக்கை ஆந்தையாகிவிட்டது. ஏழாம் வாரம் முற்றிலும் வேறு கை, மூன்று மடங்கு உயரம். ஒன்பதாம் வாரத்தில், முதல் கட்டத்தில் இடது தோளில் இருந்த பை மூன்றாம் கட்டத்தில் வலது தோளுக்குப் போய்விட்டது. காக்கை எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். பதினோராம் வாரம் கீழே ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. இடம் போதவில்லை. படத்தை மேலிருந்து அழுத்திக் குட்டையாக்கியிருக்கிறார்கள். வட்டமாக இருக்க வேண்டிய தலை பூசணிக்காய் போல் தட்டையாகக் கிடக்கிறது.

சாம்பல் கழுத்து என்பது சின்ன விஷயமல்ல. நம் வீட்டு முற்றத்துக்கு வந்து சோற்றுக்குக் காத்திருக்கும் ஊர்க்காக்கைக்குத்தான் கழுத்து சாம்பல். உடல் முழுவதும் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. அது தடித்த அலகு உள்ள வேறு பறவை, வேறு இனம். முதலில் வரைந்தவர் காக்கையைக் கூர்ந்து பார்த்து வரைந்திருக்கிறார். ஆறு வாரம் ஊர்க்காக்கையாக இருந்தது ஏழாம் வாரம் அண்டங்காக்கையாக மாறினால், குழந்தைக்கு அது வேறொரு பாத்திரம். என் பேத்தியின் தோழி ஒருத்தி "இது அதன் அண்ணனா?" என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி.

எளிய கேலிச்சித்திர உருவம்தானே, இதற்கு இவ்வளவு கணக்கா என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். எளிமையாக இருப்பதால்தான் இவ்வளவு கணக்கு. ஒரு மனிதரின் முகத்தைப் பென்சிலில் நிழல் கொடுத்து வரையும்போது நூற்றுக்கணக்கான கோடுகள் விழுகின்றன. அவற்றில் பத்துக் கோடுகள் பிசகினாலும் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். இந்தக் காக்கையின் தலையை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 14 கோடுகள். பதினான்கில் மூன்று மாறினால் மிச்சம் என்ன இருக்கிறது? ஏர்ஜே வரைந்த டின்டின் கதைகளில் இரட்டையர்போல் இரண்டு துப்பறிவாளர்கள் வருவார்கள். ஒரே தொப்பி, ஒரே கோட்டு, ஒரே கைத்தடி. இருவரையும் பிரித்துக் காட்டுவது மீசைதான். ஒருவருக்கு நேராக இறங்கும், மற்றவருக்கு நுனியில் வெளிப்பக்கம் சற்று வளையும். அந்தச் சின்ன வளைவில் ஓர் ஆள் இன்னோர் ஆளாகிவிடுகிறார். 

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1980களில், பள்ளி வேலை போக மிச்ச நேரத்தில், ஒரு சிறுவர் மாத இதழுக்குச் சட்டை போட்ட அணில் ஒன்றைத் தொடராக வரைந்துகொடுத்தேன். மாதம் ஒரு பக்கம். ஒவ்வொரு மாதமும் முந்தின மாத இதழை எதிரில் விரித்துவைத்து அதைப் பார்த்து வரைவேன். அதுதான் சரியான வழி என்று நம்பினேன். இரண்டு ஆண்டுகள் ஓடின. ஒரு நாள் அருப்புக்கோட்டையிலிருந்து 15 காசு அஞ்சலட்டை ஒன்று வந்தது. கோணல் எழுத்து. "அணில் மாமா, உங்கள் அணிலுக்கு உடம்பு சரியில்லையா? ரொம்ப இளைத்துவிட்டதே" என்று ஒரு குழந்தை எழுதியிருந்தது. முதல் மாத இதழையும் அந்த மாத இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நெஞ்சு திக்கென்றது. தலை சிறுத்திருந்தது. வால் பாதியாகியிருந்தது. முதுகின் மூன்று கோடுகளும் பக்கவாட்டுக்கு நழுவியிருந்தன. 24 மாதங்களில் எந்த ஒரு மாதத்திலும் நான் பெரிய மாற்றம் செய்யவில்லை. ஒவ்வொரு மாதமும் மயிரிழை அளவு பிசகியது. அந்தப் பிசகிய படத்தைப் பார்த்து அடுத்ததை வரைந்தேன். அது இன்னொரு மயிரிழை பிசகியது. நகலைப் பார்த்து நகல் எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அன்று இரவே முதல் மாதப் படத்தை எடுத்து, அதிலிருந்து ஓர் அளவுத் தாள் தயாரித்தேன். திரைப்படக் கார்ட்டூன் செய்கிறவர்கள் இதை மாடல் ஷீட் என்பார்கள். அணில் நேராக, முக்கால் பக்கமாக, பக்கவாட்டில், முதுகுப் பக்கமாக என்று நான்கு நிலைகள் வரிசையாக நிற்கும். உச்சந்தலை, கண், இடுப்பு, பாதம் ஆகியவற்றின் உயரத்தில் குறுக்குக் கோடுகள் நான்கு உருவங்களையும் ஊடுருவிப் போகும். நேராக நிற்கும் அணிலின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில்தான் திரும்பி நிற்கும் அணிலின் கண்ணும் இருக்க வேண்டும். தலைக்கு ஒரு நாலணாக் காசை வைத்துக்கொண்டேன். அந்தக் காசின் குறுக்களவு 19 மில்லிமீட்டர். காசைத் தாளில் வைத்து நீலப் பென்சிலால் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் நடுக்கோடு ஒன்று, கண்கோடு ஒன்று. அதன்மேல் இந்தியன் இங்க் கொண்டு கோடு போடுவேன். அக்காலத்தில் படத்தைக் கேமராவில் எடுத்துத்தான் அச்சடிப்பதற்கான துத்தநாகத் தகடு, அதாவது பிளாக், செய்வார்கள். வெளிர் நீலம் அந்தப் ஃபிலிமில் விழாது. அதனால் பென்சில் கோட்டை அழிக்க வேண்டிய வேலை இல்லை. அன்றிலிருந்து தொடர் முடியும்வரை முந்தின இதழைப் பார்த்து நான் வரைந்ததே இல்லை. தாளைப் பார்த்து மட்டுமே வரைந்தேன். நாலணாவை 2011இல் அரசு செல்லாக்காசாக்கிவிட்டது. என்னுடைய அந்தக் காசு இப்போதும் பென்சில் டப்பாவில் இருக்கிறது.

அளவுத் தாள் என்றால் ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம் என்று எண்ண வேண்டாம். நான் கும்பகோணத்துக்காரன். பக்கத்தில் சுவாமிமலை. அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறையில் சிறு வயதில் மணிக்கணக்கில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டிய சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி எடுத்து, அதைக் கணக்காக மடிப்பார்கள். மடிப்புத்தான் அளவு. ஒரு மடிப்பு முகம், அடுத்தது கழுத்திலிருந்து மார்பு என்று ஓலையை மெழுகுருவத்தின்மேல் வைத்து வைத்துப் பார்ப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தச தாலம், அதாவது 124 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள அங்குலமல்ல, சிலையின் உயரத்தைப் பகுத்து வருவது. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். உள்ளங்கையில் அடங்கும் பிள்ளையாரானாலும் ஆள் உயரப் பிள்ளையாரானாலும் ஐந்து ஐந்துதான். அதனால்தான் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் பிள்ளையார் நமக்குத் தெரிந்த பிள்ளையாராக இருக்கிறார். தங்கள் காக்கைக்கு இரண்டரைத் தாலம். முதலில் வரைந்தவர் அந்தச் சொல்லால் நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் கைக்கு அது தெரிந்திருக்கிறது.

என் வகுப்பில் பனை ஓலை நறுக்கு ஒன்றைக் கொடுத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். தலையின் அளவுக்கு ஓலையை முதலில் மடி, பிறகு உடம்புக்குப் போ என்பேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும். காலையில் வாசலில் அம்மா புள்ளி வைத்துவிட்டுத்தானே கோலத்தை இழுக்கிறாள்? அவர்களுக்கு அது புதிதல்ல.

இந்தத் துறையில் நல்ல உதாரணங்கள் நம் பிள்ளைகளின் கண்முன்னே இருக்கின்றன. என் பேத்தி தொலைக்காட்சியில் பார்க்கும் டோரேமான் 1970இல் ஜப்பானில் பிறந்த உருவம். அதன் உயரம் 129.3 சென்டிமீட்டர், மார்பளவு 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ என்று ஒரே எண்ணைப் படைத்தவர் வைத்திருக்கிறார். கன்னத்துக்கு மூன்று மீசை, கை என்றால் விரலில்லாத வெள்ளை உருண்டை. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் குழந்தையும் அதைப் பார்க்காமல் வரைந்துவிடும். மிக்கி எலியின் காதுகள் இன்னும் வியப்பானவை. 1928இல் திரைக்கு வந்த அந்த எலி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதுகளும் முழு வட்டமாகவே இருக்கும். நிஜத்தில் அது நடக்காது. தலை திரும்பினால் காது ஒடுங்கித் தெரிய வேண்டும். ஆனால் அப்படி ஒரு விதி வைத்துவிட்டார்கள். விதி இயற்கைக்கு ஒத்ததா என்பது கேள்வியல்ல, எல்லோரும் அதைக் காப்பாற்றுகிறார்களா என்பதே கேள்வி. தங்கள் காக்கைக்கும் அப்படி ஒன்றிரண்டு விதிகள் வேண்டும். கொண்டை எப்போதும் பின்பக்கம்தான் சாயும், காற்று எந்தத் திசையில் அடித்தாலும். காக்கை நம்மை நேராகப் பார்க்கவே பார்க்காது, எப்போதும் முக்கால் பக்கம்தான். இந்த ஒரு விதி இருந்தால் ஐந்தாம் வாரத்து வைர அலகு வந்திருக்காது.

கை மாறினால் உருவம் மாறத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். டிங்கிள் இதழின் வேட்டைக்காரர் ஷிகாரி ஷம்புவை முதலில் வரைந்தவர் வசந்த் ஹல்பே. அவருக்குப் பிறகு வேறு கைக்குப் போனது. ஆனால் ஷம்புவின் தொப்பி அன்றும் கண்ணை மறைத்தது, இன்றும் மறைக்கிறது. அவர் கண்ணைப் பார்த்தவர் இல்லை. ஆர்.கே. லட்சுமணின் சாமானிய மனிதரை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, வழுக்கையின் இருபுறமும் பஞ்சுபோல் முடி. அரை நூற்றாண்டுக் காலம் அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தில் எந்த மூலையில் சின்னதாக நின்றாலும் நம் கண் அவரைத் தேடிப் பிடித்துவிடும். தமிழில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்கு வரைந்தவர்கள் இதை வேள்விபோல் செய்தார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது ஓவியர் மணியம் வாராவாரம் வரைந்தார். வந்தியத்தேவனைப் பெயர் படிக்காமலேயே வாசகர்கள் அடையாளம் கண்டார்கள். நான் படித்த கும்பகோணம் ஓவியப் பள்ளியில் எனக்கு வெகுகாலம் முன்பு படித்தவர் கோபுலு. அவருடைய கேலிச்சித்திரங்களில் ஓர் ஆளின் முகத்தைத் துணியால் மூடிவிட்டாலும் நிற்கும் நிலையைக்கொண்டே யார் என்று சொல்லிவிடலாம். மாணவர்களாக இருந்த காலத்தில் நாங்கள் அப்படி மூடி மூடிப் பார்த்திருக்கிறோம்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பீநட்ஸ் என்ற அமெரிக்கப் படக்கதைத் தொடரைச் சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை உதவியாளர் யாரும் இல்லாமல் தாமே வரைந்தார். தொடக்கத்தில் ஸ்னூப்பி நான்கு காலில் நடக்கும் சின்ன நாய்க்குட்டி. பிற்காலத்தில் இரண்டு காலில் நடந்தது, மூக்கு நீண்டது, வயிறு பருத்தது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில், ஒரே மனிதரின் கையில், மரம் வளர்வதுபோல் நடந்த மாற்றம். வாசகர்களும் அதோடு சேர்ந்து வளர்ந்தார்கள். ஆறாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் நடந்தது அதுவல்ல. அங்கே வளர்ச்சி இல்லை, ஆள்மாறாட்டம் இருக்கிறது.

அளவுக்குள் கட்டிப்போட்டால் உருவம் மரக்கட்டை ஆகிவிடாதா என்று சில இளம் ஓவியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. கட்ட வேண்டியது எது, விட வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். தலையின் அளவு, கண்கள் ஒட்டியிருப்பது, கொண்டையின் மூன்று இறகு, கழுத்துப் பட்டை, பை தொங்கும் தோள் ஆகிய ஐந்தும் அசையக் கூடாது. இமை, அலகின் திறப்பு, இறக்கை, முதுகின் வளைவு, கால்கள் ஆகியவை எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். தங்கள் மூன்றாம் வாரத்தில் மழையில் நனைந்து காக்கை ஓட்டுக்கூரைக்கு அடியில் குறுகி நிற்கிறதே, அந்தக் கட்டத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். முதுகு ஒடுங்கி, இறக்கை சொட்டச் சொட்ட, கண்ணிமை பாதி இறங்கி என்று எல்லாம் மாறியிருக்கிறது. ஆனால் அது அதே காக்கைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வரைந்தவர் யார்? பெயர் இல்லை. பன்னிரண்டு வாரத்திலும் ஒரு வாரத்தில்கூட வரைந்தவர் பெயர் இல்லை.

இங்கேதான் என் உண்மையான ஆதங்கம் இருக்கிறது. வரைந்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை காலைக்குள் ஆறு கட்டம் வேண்டும் என்று கேட்டால் யாராக இருந்தாலும் கையில் வந்ததைத்தான் வரைவார்கள். தங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் வரைந்த காலத்தில் பல இடங்களில் அப்படி நடந்தது. முன்னவர் வரைந்த படத்தின் மங்கிய நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, இதே மாதிரி போடுங்கள் என்பார்கள். அது எந்த அளவில் வரையப்பட்டது, எத்தனை மடங்கு சுருக்கி அச்சிடப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. பெரிதாக வரைந்து சுருக்கினால் கோடு மெலியும். அச்சளவிலேயே வரைந்தால் கோடு தடிக்கும். தங்கள் எட்டாம் வாரத்தில் ஒரே வரிசையில் இருக்கும் மூன்று கட்டங்களில் மூன்று விதக் கோட்டுத் தடிமன் தெரிகிறது. ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி, இன்னொன்றைச் சிறிதாக்கிப் பக்கத்தை நிரப்பியிருக்கிறார்கள். அதனால் காக்கை ஒரு கட்டத்தில் நூலால் செய்ததுபோலவும் அடுத்ததில் கயிற்றால் செய்ததுபோலவும் இருக்கிறது.

இன்று கணினியிடம் வார்த்தையால் கேட்டாலே படம் வந்துவிழுகிறது. பத்து முறை கேட்டால் பத்துக் காக்கை வரும், ஒவ்வொன்றும் அழகாகவும் இருக்கும். ஆனால் முதல் வாரத்தில் வந்த அந்தக் காக்கைதானா இது என்று சரிபார்க்க ஒரு மனிதரும் ஓர் அளவுத் தாளும் வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பல பள்ளிகளில் ஓவிய வகுப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. நான் பணியில் இருந்தபோதே தேர்வு நெருங்கினால் என் பாடவேளையைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் உண்டென்றால் அது வாரம் ஒருமுறை வீட்டுக்கு, அல்லது டீக்கடைக்கு, வரும் சிறுவர் இணைப்புதான். அதிலுள்ள எளிய உருவம்தான் அவர்கள் முதலில் பார்த்து வரையும் பாடம். வட்டமும் முட்டை வடிவமும் சேர்ந்து ஓர் உயிராகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆசிரியர் வாரத்துக்கு ஒரு விதமாகப் பாடம் நடத்தினால், பிள்ளை தனக்கு வரைய வரவில்லை என்று பென்சிலை வைத்துவிடும். என் வீட்டுத் திண்ணையில் அதைத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே தங்களிடம் சில விண்ணப்பங்கள். அந்தக் காக்கைக்கு ஓர் அளவுத் தாள் தயாரியுங்கள். யார் வரைந்தாலும் அந்தத் தாளின் தெளிவான படி அவர் மேசையில் இருக்கட்டும். முந்தின வாரப் பேப்பரைக் கொடுத்து வரையச் சொல்லாதீர்கள். பக்கம் அமைப்பவர்களிடம் படத்தை ஒரு பக்கமாக இழுக்கவோ நசுக்கவோ வேண்டாம் என்றும், பையுள்ள படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமானால் ஆறு கட்டத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், காக்கையின் தலையைக் குறைக்க வேண்டாம். முடியுமானால் முதல் நான்கு வாரம் வரைந்தவரையே திரும்ப அழையுங்கள். கட்டாயமாக அவர் பெயரைப் படத்தின் கீழே போடுங்கள். ஒரு சனிக்கிழமை அளவுத் தாளையே இணைப்பில் அச்சிட்டால் நாடு முழுவதும் பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இத்துடன் ஒரு தாளை இணைத்திருக்கிறேன். முதல் நான்கு வாரக் காக்கையை அளந்து நானும் என் பேத்தியும் சேர்ந்து செய்தது. நான்கு நிலைகளையும் அவள்தான் வரைந்தாள். குறுக்குக் கோடுகளும் அளவுகளும் மட்டும் என்னுடையவை. தலைக்கு நாலணாக் காசைக் கொடுத்தேன். வாங்கிச் சுற்றி வரைந்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள். கழுத்துப் பட்டைக்கு எதிரே அம்புக்குறி போட்டு "இது எப்போதும் சாம்பல்" என்று எழுதியிருப்பதும் அவள்தான். அந்த எழுத்தில் ஒரு பிழை இருக்கிறது. திருத்த மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.